மாமரப் பட்டையில் கறுப்பு எழுத்து: ஆறாவது வாரம்

பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர்) என்று தெரிந்ததிலிருந்து மரங்களைத் தடவிப் பார்க்காமல் நடக்க முடிவதில்லை. தண்டையார்பேட்டையில், லாரிப் புகை படியும் எங்கள் மெயின்ரோட்டு மரங்களில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. லைக்கனுக்கு வேர் இல்லை. காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உடம்பில் இழுத்துக்கொள்ளும். கந்தகப் புகையைப் பல வகைகள் தாங்காது.

கடைசியில் திருவொற்றியூரில், அத்தை வீட்டுக் கொல்லை மாமரத்தில் கிடைத்தது. வெளிறிய சாம்பல் திட்டு, அதன்மேல் பேனாவால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடுகள். "அது தேமல்டா, மரத்துக்கு வயசாவுது" என்றார் அத்தை. தேமல் இல்லை, லைக்கன்தான். கிராஃபிஸ் பேரினம், கிரேக்கத்தில் எழுதுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

பேரினம் சுலபம், இனம்தான் கஷ்டம். லூக்கிங், ஆர்ச்சர், ஆப்ட்ரூட் என்ற லைக்கன் ஆய்வாளர்கள் மூவரும் 2009-ல் வெளியிட்ட உலக அளவிலான அடையாளத் திறவுகோல் (கேள்வி கேள்வியாகப் பதில் சொல்லி இனத்தைக் கண்டுபிடிக்கும் பட்டியல்) கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள்ளே இருக்கின்றன. ஸ்போர், அதாவது பூஞ்சையின் விதைபோன்ற துகள், உண்டாவது அங்கேதான். கோட்டின் உதடு வழுவழுப்பா, வரிவரியா? கரிந்த சுவர் அடியிலும் மூடியிருக்கிறதா? ஸ்போரில் எத்தனை அறை?

பிளேடால் குறுக்கே சீவி, பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஸ்போரில் 8 அறைகள், அயோடின் பட்டதும் நீல ஊதா. நீளம் 120 மைக்ரான்! இந்த அறைக் கணக்குக்கு இவ்வளவு நீளம் திறவுகோலில் எங்குமே பொருந்தவில்லை. புது இனம் என்றே நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. நினைப்பதற்கு நியாயமும் உண்டு: 2014-ல் ஒரே கட்டுரையில் கிராஃபிஸ் சேர்ந்த குடும்பத்துக்கு 175 புது இனங்களைச் சேர்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து.

அப்புறம்தான் பிடிபட்டது. 40 மடங்கு லென்ஸில் பார்த்துவிட்டு, 10 மடங்குக்கான அளவைப் போட்டிருக்கிறேன். மைக்ராஸ்கோப்பின் அளவுகோலில் கோடு ஒன்றுக்கு 10 மைக்ரான் இல்லை, 2.5. பன்னிரண்டு கோடு என்றால் 30 மைக்ரான். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் புது இனம் என்று சொல்ல மாதிரியை உலர்பதனகத்தில் (உலர்ந்த மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம்) வைக்க வேண்டும், விவரிப்பு எழுத வேண்டும், பூஞ்சைப் பெயர்ப் பதிவேட்டில் எண் வாங்க வேண்டும் (லைக்கனின் பெயர் விதிப்படி அதிலுள்ள பூஞ்சைக்குத்தான் சேரும், பதிவு எண் 2013 முதல் கட்டாயம்). அந்த விவரிப்பில் ஒரு எண் தவறினால், பின்னால் வருகிறவர் வேறு எதையோ தேடி அலைவார்.

இந்த வாரம் பொட்டாஷ் கரைசல் சோதனை. சீவலின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். முதலில் மஞ்சள் கசிந்தது. சில நிமிடத்தில் அந்த மஞ்சளுக்குள் ஊசி ஊசியாகச் சிவப்புப் படிகங்கள் முளைத்தன. சில லைக்கன்களில் மட்டும் இருக்கும் நார்ஸ்டிக்டிக் அமிலத்தின் அடையாளம் அது. திறவுகோலில் பாதி வழி கழிந்துவிட்டது, தேட வேண்டியது குறைந்தது.

ஸ்போர் இருக்கும் அடுக்கில் எண்ணெய்த் துளிகள் உண்டா என்பது பாக்கி. என் சீவல்கள் இன்னும் தடிமன். ஞாயிற்றுக்கிழமை வேறு திட்டிலிருந்து எடுக்கப் போகிறேன். பொங்கலுக்கு அந்த மரத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்க வேண்டாமென்று அத்தை வெள்ளையடிப்பவரிடம் சொல்லிவிட்டார்.