சிறு தீயில் மூன்றரை மணி நேரம்

வேலூரில் மாலை நேரத்தில் யாரிடமாவது 'பீஃப் சில்லி' என்று சொன்னால், தள்ளுவண்டியின் எண்ணெய்ச் சட்டியில் செக்கச்செவேலெனப் பொரிந்து, நறுக்கிய வெங்காயத்தோடு வரும் துண்டுகளைத்தான் நினைப்பார்கள். ஆகவே, மூன்று மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிடும் சில்லிக்காக ஒரு கிலோ கறி கேட்டபோது, எங்கள் கறிக்கடை பாய், "அவ்ளோ நேரம் வெச்சா கறி கரைஞ்சிடும்ங்க" என்று சிரித்ததில் வியப்பில்லை.

நான் சமைக்க விரும்பியது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சில்லி என்ற மாட்டுக்கறிக் குழம்பு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் பெண்கள் இரவு நேரத்தில் விற்றதும், 1977-இல் அம்மாநிலச் சட்டமன்றம் மாநில உணவாக அறிவித்ததும் அதுவே. கறி, காய்ந்த மிளகாய், சீரகம் ஆகிய மூன்றும்தான் அதன் உயிர். மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைக்க வேண்டும் என்று படித்தபோது, ஆம்பூர் பிரியாணிக்கும் மிளகாய்த் தூளைப் போடாமல் இப்படித்தானே அரைக்கிறோம் என்று தோன்றியது. அத்துடன் அயல்நாட்டுச் சமையல் என்ற தயக்கம் போய்விட்டது.

நிறத்துக்கு எட்டுக் காஷ்மீரி மிளகாயும் காரத்துக்கு நான்கு குண்டு மிளகாயும் எடுத்து, விதையை உதறிவிட்டு ஊறவைத்தேன். முன்சப்பைக் கறியைச் சற்றுப் பெரிய துண்டுகளாக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, அடிகனமான பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுத்தேன். முதல் முறை சமைத்தபோது அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியதால், நீர்விட்டு அவிந்துபோன சாம்பல் நிறக் கறியே மிஞ்சியிருந்தது. பிறகு அதே பாத்திரத்தில் வெங்காயம், பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், மிளகாய் விழுது ஆகியவற்றை வதக்கி, கறியைச் சேர்த்து, மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றினேன். ஆரிகனோ இலைக்குப் பதிலாகத் தொட்டியிலிருந்த கற்பூரவல்லியில் நான்கு இலைகளைக் கிள்ளிப் போட்டேன். இரண்டிலும் கார்வக்ரால் என்ற மணப்பொருள் உண்டு என்பதால் அது பொருந்தியும் வந்தது.

குக்கரில் வைத்தால் அரை மணியில் முடியுமே என்று அம்மா இருமுறை கேட்டார். குக்கரில் கறி வேகும்தான், ஆனால் நீராவி பெரும்பாலும் உள்ளேயே அடைபடுவதால் குழம்பு சுண்டாது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகப் பத்து வயதைக் கடந்து உழைப்புக்குப் பயன்படாத மாட்டையே வெட்ட அனுமதிப்பதால், நம் கடைக் கறியின் நார் முற்றியிருக்கும். அந்த நாரிலுள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து குழம்புக்கு வழவழப்பைத் தர, குமிழி மட்டும் எழும் சிறு தீயும் பொறுமையும் தேவை. மூடியைச் சற்றே திறந்து வைத்து, அரை மணிக்கு ஒருமுறை கிளறியதில், மூன்றரை மணி நேரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக மேலே மிதந்தது. துண்டுகள் கரையவில்லை, கரண்டி பட்டதும் பிளந்தன.

மரபுப்படி சமைக்கும் டெக்சாஸ்காரர்கள் ராஜ்மா சேர்ப்பதில்லை. நானும் சேர்ப்பதில்லை, பிள்ளைகள் அதை மட்டும் பொறுக்கி ஒதுக்குவார்கள் என்பதே காரணம். சேர்ப்பவர்கள் இரவெல்லாம் ஊறவைத்து, நீரை மாற்றி, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனத் தனியாகக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும்.

அன்றிரவு சோற்றோடு சாப்பிட்டோம். மறுநாள் காலை, இறுகிப்போன மிச்சத்தைச் சூடாக்கித் தோசைக்கு ஊற்றிக்கொண்ட அம்மா, கத்திரிக்காய்த் தொக்கு இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார்.