ஆறின பிறகு அளந்து பாரு

ஐடிஐ முடிச்சு அப்ரண்டிஸா வந்த தம்பிகிட்ட இன்னிக்குத்தான் முதல் தடவை லேத்தைத் தனியா விட்டேன். 6205 பேரிங் உட்காரும் மோட்டார் ஷாஃப்ட். அந்த இடத்துல 25 மி.மீ. இருக்கணும். கடைஞ்சு முடிச்சதும் மைக்ரோமீட்டர் வெச்சு, ராட்செட் க்ளிக்குனு கேட்கிற வரைக்கும் பொறுமையாத் திருகினான். அளவு கச்சிதம். முகமெல்லாம் சிரிப்பு.

ஷாஃப்ட் சூடா இருந்தது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல. "டீ குடிச்சுட்டு வந்து இன்னொருக்கா அளந்து பாரு தம்பி"ன்னேன்.

வந்து பார்த்தா 0.01 மி.மீ. கம்மி.

"இப்பத்தானுங்ணா சரியா இருந்துச்சு!"

தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறிப் போயிருந்தது. இருக்கிறதை விட 40 டிகிரி கூடச் சூடேறினா இந்தத் தடிமன்ல இரும்பு ஏறக்குறைய அவ்வளவு பருக்கும். வெப்பத்துல விரியும்னு பரீட்சையில எழுதினவன்தான் அவனும். பேரிங் லூஸா உட்கார்ந்தா உள்வளையம் ஷாஃப்ட் மேலயே வழுக்கிச் சுத்தித் தேய்ச்சுடும்னு கையில வெச்சே காட்டினேன். ஒரு பீஸ் வீணாப் போகும்னு முதலாளிகிட்ட காலையிலேயே சொல்லி வெச்சிருந்தேன். அவரும் சரின்னுட்டார், அதுக்கு அவருக்கு நன்றி.

அடுத்த பீஸை முடிச்சவன் மைக்ரோமீட்டரைத் தொடல. ஷாஃப்டைப் பிடிச்சுச் சுத்துற சக் நிக்கிற வரைக்கும் காத்திருந்து, புறங்கையை ஷாஃப்ட் மேல வெச்சுப் பார்த்துட்டு அப்படியே நின்னான்.