புகைமூட்டத்தில் ஓர் அறையையாவது காப்பாற்றுங்கள்

சுமத்ராவின் சதுப்புக்காடு எரிந்தால் கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடி வரை புகை வரும். ஐபியு, அதாவது மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. பிள்ளைகளும் முதியவர்களும் படுக்கும் அறையின் சன்னல்களை முதலில் அடைத்துவிடுங்கள்.

ஏர்கோனை நம்பி இருக்காதீர்கள். அதன் வலையில் பெருந்தூசிதான் சிக்கும், பிஎம் 2.5 எனும் நுண்துகள் நழுவிவிடும்.

அறைக் காற்றைச் சுத்தமாக்க, பெட்டி மின்விசிறி காற்றை இழுக்கும் பின்புறத்தில் மெர்வ் 13 தரக் காற்று வடிகட்டியைப் பொருத்துங்கள். வடிகட்டியின் சட்டகத்திலுள்ள அம்புக்குறி விசிறியை நோக்க வேண்டும். விளிம்பு முழுக்க டேப் ஒட்டுவதுதான் முக்கியம்: சிறு இடுக்கு இருந்தாலும் காற்று அந்த வழியாகவே புகுந்து, வடிகட்டாமல் வெளியேறும். ஹெப்பா வகை வடிகட்டி இன்னும் நுண்ணியது. ஆனால் சின்ன விசிறிக்கு அதனூடே இழுக்கத் திராணியில்லை, காற்றோட்டம் படுத்துவிடும். வடிகட்டி கறுத்ததும் மாற்றுங்கள், கழுவாதீர்கள்.

அந்த நாள்களில் சாம்பிராணியும் கொசுவத்தியும் வேண்டவே வேண்டாம். அடைத்த அறைக்குள் அவையும் அதே நுண்துகளைத்தான் கக்கும்.