சிஎன்சி-யில் யூஎஸ்பி துண்டிப்பு: ஹோஸ் பைப்பில் வந்து முடிந்த தேடல்

நேற்று இரவு என் சிஎன்சி-யில் (கணினி சொல்லும் வழியில் மரத்தை வெட்டும் மெஷின்) 2 மணி 40 நிமிட ரிலீஃப் (புடைப்புச் செதுக்கல்) ஒன்று, லேப்டாப்புடன் உள்ள யூஎஸ்பி இணைப்பு ஒரு தடவைகூட அறுபடாமல் கடைசி வரி வரை ஓடி முடிந்தது. இரண்டு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். முடிந்ததும் ரூட்டரை (பிட்டைச் சுழற்றி மரத்தை வெட்டும் மோட்டார்) அணைத்துவிட்டு அந்தப் பலகையைக் கையால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவு நிம்மதி.

மெஷின் வழக்கமான அமைப்புதான்: அலுமினிய புரொஃபைல், வி-வீல், அர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டு போர்டு, அதன் மேல் மோட்டார்களை இணைக்கும் ஷீல்டு, ஊனோவுக்குள் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள், 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). ரூட்டருக்குத் தனி ஸ்விட்ச். பாதி வேலையில் திடீரென்று லேப்டாப்பில் யூஎஸ்பி போர்ட் காணாமல் போகும். போர்டுக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த வரிகளை மட்டும் முடித்துவிட்டு மெஷின் நின்றுவிடும், ரூட்டர் நிற்காது. நான் ஓடி வருவதற்குள் பிட் ஒரே இடத்தில் சுற்றி எம்டிஎஃப்பை (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கருக்கியிருக்கும். மறுபடி போர்ட்டைத் திறந்தால் ஊனோ ரீசெட் ஆகி, நிற்கும் இடத்தையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். மெஷின் தன் மூலையைக் கண்டுபிடிக்க உதவும் ஹோமிங் ஸ்விட்சும், ஜி54 என்ற நினைவிடத்தில் பதிந்த ஆரம்பப் புள்ளியும் இருந்ததால்தான் பல பலகைகளைக் காப்பாற்ற முடிந்தது.

எல்லோரும் முதலில் செய்வதை நானும் செய்தேன். 3 மீட்டர் கேபிளுக்குப் பதில் ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்த வளையம்) போட்ட 60 சென்டிமீட்டர் கேபிள், யூஎஸ்பி மின்சேமிப்பு நிறுத்தம், தனி அடாப்டர் வைத்த ஹப், வேறொரு ஊனோ. எதுவும் பலிக்கவில்லை. ஊனோவை யூஎஸ்பி-யோடு பேச வைக்கும் சிஎச்340 சிப்பைத்தான் பலரும் குறை சொல்வார்கள். வேறு சிப் உள்ள ஊனோவிலும் அதே துண்டிப்பு வந்ததால் அந்தச் சந்தேகத்தை அன்றே விட்டுவிட்டேன்.

முதல் உருப்படியான துப்பு லினக்ஸ் கர்னல் லாக்கில் கிடைத்தது. ஹப் அந்த போர்ட்டை முடக்கிவிட்டது என்று சொல்லும் வரியில் 'ஈஎம்ஐ' (மின்காந்த இடையூறு) என்று கேள்விக்குறியோடு அதுவே கேட்டிருந்தது. அடுத்த வரியில் அதே சாதனம் புதிதாகச் சொருகியது போல டிடிஒய்யூஎஸ்பி1 என்ற பெயரில் திரும்பி வந்திருந்தது. லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளோ இன்னும் பழைய டிடிஒய்யூஎஸ்பி0-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் போர்டு சாகவில்லை, மின்சாரமும் போகவில்லை. எங்கிருந்தோ வரும் மின் இரைச்சல் இணைப்பைத் தட்டிவிடுகிறது. யூஎஸ்பி-யின் இரண்டு டேட்டா கம்பிகளும் சேர்ந்தாற்போல் 2.5 மைக்ரோசெகண்டுக்கு மேல் கீழே விழுந்தாலே, கழற்றிவிட்டார்கள் என்று ஹப் முடிவுகட்டிவிடும். ஒரு தீப்பொறி அதைச் செய்துவிடக்கூடும்.

எந்தத் தீப்பொறி? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ரூட்டர் ஓடாமல் காற்றில் வெட்டினால் பிரச்சினை இல்லை. ரூட்டர் ஓடினாலும் இல்லை. ரூட்டரும், ஹோஸ் வழியே தூசியை உறிஞ்சும் வேக்யூமும் சேர்ந்து ஓடி, பிட் மரத்தைத் தொடாமல் இருந்தாலும் இல்லை. வேக்யூம் இல்லாமல் ஒரு மணி நேரம் நிஜமாகவே வெட்டினேன். அறை முழுக்கத் தூசி, இணைப்பு மட்டும் கெட்டியாக நின்றது. வேக்யூமைப் போட்டு வெட்டியதும் 11-ஆவது நிமிடத்தில் போச்சு. ஹோஸுக்குள் தூசி ஓட வேண்டும், அப்போதுதான் வருகிறது. ஓடும்போது ஹோஸுக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன். முழங்கை வரை ரோமம் எழுந்து நின்றது. உலர்ந்த எம்டிஎஃப் தூள் பிளாஸ்டிக்கில் உரசி உரசி நிலைமின்சாரம் சேர்கிறது. அது ரூட்டர் உடம்பில் பாய்ந்து, லிமிட் ஸ்விட்ச் (மெஷின் ஓரத்தைத் தொட்டால் நிறுத்தும் ஸ்விட்ச்) வயர் வழியாக போர்டின் கிரவுண்டுக்குப் போய், அங்கிருந்து யூஎஸ்பி வழியே லேப்டாப் பக்கம் ஓடுகிறது. நடுநடுவே காரணமே இல்லாமல் 'அலாரம் 1' (லிமிட் ஸ்விட்ச் தொடப்பட்டது என்ற எச்சரிக்கை) வந்துகொண்டிருந்ததே, அதுவும் இதனால்தான்.

ஏடியூஎம்4160 சிப் போட்ட யூஎஸ்பி ஐசொலேட்டர் (டேட்டாவை மட்டும் விட்டு, இரு பக்க மின் தொடர்பைப் பிரிக்கும் பெட்டி) இரண்டு வாங்கினேன். வாங்குகிறவர்கள் முதலில் மல்டிமீட்டர் வையுங்கள்: இரண்டு பக்க கிரவுண்டுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. எனக்கு வந்த ஒன்றில் இரண்டு சாக்கெட்டுகளின் உலோகக் கூடும் ஒரே செம்புப் பட்டையில் இணைந்திருந்தது! பிரித்துக் கொடுப்பதற்கென்றே விற்கும் பொருளில் இப்படிச் செய்தால் யாரை நம்பி வாங்குவது? நல்லது ஒன்றைப் போட்டதும் யூஎஸ்பி துண்டிப்பு நின்றது. ஆனால் அலாரம் 1 நிற்கவில்லை. தீப்பொறி இன்னும் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது, லேப்டாப் வரை போகவில்லை, அவ்வளவுதான்.

இனி எர்த். மூன்று வாரம் இதில்தான் போனது. ஃபிரேமுக்கு எர்த் கொடுத்துவிட்டதாக முதல் நாளிலிருந்தே நம்பியிருந்தேன். ரிங் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து போல்ட் இறுக்கியிருந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஓஎல், அதாவது தொடர்பே இல்லை. அலுமினியத்தின் மேல் இருக்கும் அனோடைசிங் (ஆக்சைடு) பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது! பளபளவென்று அலுமினியம் தெரிகிறதே என்று ஏமாந்துவிடுகிறோம். லக் உட்காரும் இடத்தை அரத்தால் தேய்த்து, வெறும் உலோகம் தெரிந்த பிறகு பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினேன். அந்தத் துண்டு 0.4 ஓம் காட்டியது. பக்கத்துத் துண்டு மறுபடி ஓஎல். மூலை பிராக்கெட்டும் அனோடைஸ், போல்ட் தலைக்கு அடியிலும் பூச்சு. கேன்ட்ரி (ரூட்டரைத் தாங்கி நகரும் பாலம்) இன்னும் மோசம்: பிளாஸ்டிக் வீல் மேல் உட்கார்ந்திருப்பதால் ஃபிரேமுக்கும் அதற்கும் மின் தொடர்பே கிடையாது. ரூட்டர் கிளாம்ப், ரூட்டரை மேலும் கீழும் நகர்த்தும் இசட் பிளேட், கேன்ட்ரி, நான்கு பக்க ஃபிரேம் என்று ஒவ்வொன்றையும் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுத்து, எல்லாவற்றையும் எஸ்எம்பிஎஸ்-ஸின் எர்த் டெர்மினலில் ஒரே இடத்தில் கொண்டு சேர்த்தேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலியாக இழுக்காதீர்கள். ஓர் இணைப்பு தளர்ந்தால் அதற்குப் பிந்தையது எல்லாம் போய்விடும். எல்லா இடமும் 1 ஓமுக்குக் கீழே வரும் வரை விடவில்லை.

ஹோஸுக்கு உள்ளே ஒன்றும் வெளியே சுற்றி ஒன்றுமாக வெறும் செம்புக் கம்பி போட்டு, இரு முனையையும் அதே எர்த்தில் சேர்த்தேன். உள்கம்பியில் சுருள் தூள் மாட்டுகிறது, வாரம் ஒரு முறை உருவ வேண்டும். பிளாஸ்டிக் கடத்தாது என்பதால் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் மின்னூட்டம்தான் இறங்கும். சரியான பொருள் கார்பன் கலந்த ஆன்டிஸ்டாடிக் ஹோஸ். என் டஸ்ட் ஷூவின் (பிட்டைச் சுற்றித் தூசியைப் பிடிக்கும் மூடி) அளவில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

லிமிட் வயர்களில் ஒய், இசட் அச்சு இரண்டுக்கும் ஷீல்டு கேபிள் (உலோக உறை சுற்றிய வயர்) போட்டு, அந்த உறையை போர்டு பக்கம் மட்டும் இணைத்தாயிற்று. எக்ஸ் இன்னும் பழைய வயர்தான், கேபிள் செயினை முழுக்கக் கழற்ற வேண்டும். அதற்குள் மனம் அடுத்ததற்குப் போய்விட்டது: ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போர்டில், ஜிஆர்பிஎல் போன்ற ஃப்ளூயிட்என்சி மென்பொருளை ஏற்றி, ஜிகோடை (மெஷினுக்கான கட்டளை வரிகள்) எஸ்டி கார்டிலிருந்தே ஓட்டினால் வெட்டும் நேரத்தில் யூஎஸ்பி கேபிளே தேவையில்லை. போர்டு வாங்கி மேசையில் இருக்கிறது. ஆனால் எர்த் சரியில்லாத மெஷினில் அதுவும் அலாரம் அடித்துத்தான் நிற்கும் என்பதால் எக்ஸ் வயரை முடித்துவிட்டுத்தான் அதைத் தொடுவேன். நடுவில் ஆறு மணி நேர வேலை ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். பலகையை ஏற்கெனவே ஏற்றி இறுக்கி வைத்திருக்கிறேன்.