"என்ன ரேட்டுங்க?" – ஆர்டர் டெஸ்க் நாட்குறிப்பு

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டியில் வாராந்திர எக்ஸ்பைரி, அதாவது ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடியும் நாள். எனக்கு அதனால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆப்ஷன் ஆட்கள் யாரும் கோயம்புத்தூரில் இருக்கும் இந்தச் சின்ன சப்-புரோக்கர் ஆபீசுக்கு போன் செய்வதில்லை, மொபைலிலேயே தட்டிக்கொள்கிறார்கள். எனக்கு வருபவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டிய, டெலிவரி மட்டும் எடுக்கிற, அதாவது பங்கை வாங்கிக் கணக்கில் வைத்துக்கொள்கிற ஆட்கள்.

பதினொரு மணிக்கு பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆன சார் கூப்பிட்டார். ஒரு சின்னக் கம்பெனி பெயரைச் சொல்லி, "ரெண்டாயிரம் எடுத்துருங்க அம்மிணி, மார்க்கெட்லயே போட்ருங்க" என்றார், அதாவது கிடைக்கிற ரேட்டுக்கு. எஃப் 1 அழுத்தினால் நீல நிறத்தில் வாங்கும் விண்டோ வரும், எஃப் 2 என்றால் சிவப்பில் விற்கும் விண்டோ. எஃப் 1-க்கு முன்னால் நான் டெப்த்தை, அதாவது எந்த ரேட்டில் எத்தனை பங்குக்கு ஆள் நிற்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்துவிடுவேன். விற்பவர்கள் பக்கம் இப்படி இருந்தது: 142.10-இல் 85 பங்கு, 142.60-இல் 120, 144-இல் 300, 146.50-இல் 410, 149-இல் 600. ஐந்து வரியையும் கூட்டினாலே 1,515 தான். மார்க்கெட் ஆர்டர் போட்டிருந்தால் 142-இல் ஆரம்பித்து 149-ஐயும் தாண்டிப் போய், கண்ணுக்குத் தெரியாத ரேட்டில் மிச்சம் 485 வந்து விழுந்திருக்கும். கடைசியாக நடந்த ரேட் 142 என்று திரையில் தெரிவதால் 2,000 பங்கும் அதே ரேட்டுக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள், அதுதான் பிரச்சினையே.

வரிகளை அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "143-க்கு மேல வேண்டாமுங்க" என்றார். 143-க்கு லிமிட் போட்டதும் 205 உடனே வந்தது, பாக்கி வாங்குபவர்கள் வரிசையில் முதலில் போய் நின்றது. பத்து நிமிடத்தில் யாரோ 143.01 போட்டு முன்னால் வந்துவிட்டார். 250 ரூபாய்க்குக் கீழே உள்ள பங்குகளுக்கு ஒரு பைசா வித்தியாசத்திலேயே ரேட் போடலாம் என்று போன வருடம் ஜூனில் மாற்றியதிலிருந்து இந்த விளையாட்டு தினமும் நடக்கிறது. நாமும் ஏற்றலாமா என்று சார் கேட்டார். ரேட்டை மாற்றினால் 143-இல் பிடித்த இடம் போய், புது ரேட்டில் கடைசியில் போய் நிற்க வேண்டும். அளவைக் குறைத்தால் மட்டும் இடம் போகாது. "நில்லுங்க, வரட்டும்" என்றேன். மூன்றரைக்குள் முக்கால்வாசி வந்தது, மீதி கேன்சல். அவருக்குச் சின்ன வருத்தம், எனக்கு இல்லை.

2012 அக்டோபர் 5-ஐ இந்த டெஸ்க் வேலைக்கு வருகிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு புரோக்கர் டெஸ்கிலிருந்து தவறாகப் போன 59 ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை. வாங்குபவர்களின் வரிகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனதில் நிஃப்டி 15 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, வர்த்தகத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய பங்குகளுக்கே அந்தக் கதி.

அக்டோபர் 16, வியாழன்

1,432.35 என்று ஒருவர் ரேட் சொன்னார். ரிஜெக்ட். ஆயிரத்துக்கு மேல் ஐயாயிரம் வரை உள்ள பங்குகளுக்கு இந்த ஏப்ரலிலிருந்து பத்துப் பைசா கணக்கு, 1,432.30 அல்லது 1,432.40 தான் போடலாம். "அஞ்சு பைசால என்னங்க இருக்குது" என்று கேட்டுவிட்டு, விடாமல் 1,432.30-க்கே போடச் சொன்னார்!

அக்டோபர் 17, வெள்ளி

டீச்சரம்மா தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு பெங்களூரு போகிறார். கையில் ஒரு பங்கு, இப்போது 680. "640-க்குக் கீழ போனா வித்துரு கண்ணு, இப்பவே போட்டு வச்சுரு" என்றார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 640-க்கு சாதாரணமாக ஒரு விற்கும் லிமிட் போட்டால், "640 அல்லது அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் கொடு" என்று அர்த்தம். 680-க்கு வாங்க ஆள் நிற்கும்போது அடுத்த நொடியே விற்றுவிடும். சொந்தமாக ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, "பங்கு காணாமப் போச்சுங்க" என்று கூப்பிடுபவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

அவருக்குத் தேவை ஸ்டாப் லாஸ். அதில் இரண்டு ரேட்: டிரிகர் 640, லிமிட் 636. பங்கு 640-ஐத் தொடும்வரை ஆர்டர் தூங்கும், தொட்டதும் எழுந்து 636 வரைக்கும் விற்கப் பார்க்கும். அதுவும் அன்றைக்கு மட்டும்தான், மூன்றரையோடு போய்விடும். அதனால் ஜிடிடி, அதாவது டிரிகர் வரும்வரை பல நாள் காத்திருக்கும் ஆர்டர், போட்டேன். அது எக்சேஞ்சில் போய் நிற்பதில்லை, புரோக்கர் சிஸ்டத்தில் காத்திருந்து டிரிகர் வந்ததும்தான் ஆர்டராகக் கிளம்பும். டிடிபிஐ-யில், அதாவது விற்ற பங்கை புரோக்கர் எடுத்துக் கொடுக்க அனுமதிக்கும் பத்திரத்தில், அவர் முன்பே கையெழுத்துப் போட்டிருப்பதால் விற்கும்போது டிபின் என்ற ரகசிய எண், ஓடிபி என்று பெங்களூருவுக்கு போன் பண்ண வேண்டியதில்லை.

"ஒருநாள் காலையிலயே 630-ல திறந்தா?" என்று கேட்டார். கணக்கு டீச்சர், விடுவாரா. அப்படி ஆனால் 636-க்கு யாரும் வாங்க மாட்டார்கள், ஆர்டர் சும்மா நிற்கும். லிமிட்டை 625 ஆக்கச் சொன்னார்.

அக்டோபர் 20, திங்கள்

ஊருக்கெல்லாம் தீபாவளி, மார்க்கெட்டுக்கு வேலை நாள். வடக்கே நாளைக்குத்தான் லட்சுமி பூஜை என்பதால் விடுமுறை நாளைக்கும் மறுநாளும். அதனால் நாளைய எக்ஸ்பைரியும் இன்றைக்கே வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு எட்டே முக்காலுக்கு டெர்மினல் முன்னால்.

காலையில் இரண்டே போன். ஒருவர் ப்ரீ ஓப்பனில், மார்க்கெட் திறப்பதற்கு முந்தைய நேரத்தில், போடச் சொன்னார். ஒன்பதிலிருந்து எட்டு நிமிடம்தான் நேரம், அதில் ஸ்டாப் லாஸ் எடுக்காது. பங்கு, வாங்கவா விற்கவா, எத்தனை, என்ன ரேட் என்று திருப்பிச் சொல்லி, அவர் வாயால் "சரி" வர வேண்டும். 2018-இல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கொண்டுவந்த விதிப்படி கிளையண்ட்தான் ஆர்டர் கொடுத்தார் என்பதற்கு எங்களிடம் சான்று இருக்க வேண்டும், போன் என்றால் ரெக்கார்டிங். அவர் தெருவில் பத்தாயிரம் வாலா. "சரி" சொன்னாரா, பேரனை அதட்டினாரா தெரியவில்லை. மூன்று தடவை கேட்டு வாங்குவதற்குள் 9.05.

அக்டோபர் 21, செவ்வாய்

முகூர்த்த வர்த்தகம், விடுமுறை நாளிலும் தீபாவளிக்காக ஒரு மணி நேரம் மட்டும் மார்க்கெட் திறப்பது. போன வருடம் நவம்பர் 1 மாலை ஆறிலிருந்து ஏழு, இந்த வருடம் மதியம் 1.45-லிருந்து 2.45. விளக்கேற்றிவிட்டு வாங்கிப் பழகியவர்களுக்குச் சாப்பிட்ட கையோடு வாங்குவது பிடிக்கவே இல்லை, எல்லோரும் என்னிடம் புகார் சொன்னார்கள், நேரம் குறிப்பது நான் என்பது போல.

எல்லாம் ஒன்று, இரண்டு, ஐந்து பங்குகள். பேரன் பேத்திக்கு ஆளுக்கொன்று. இந்த மாதிரி ஆர்டருக்குப் பெரிய பங்குகளில் டெப்த் பார்க்க அவசியமே இல்லை, மார்க்கெட்டில் போட்டாலும் பைசாவில்தான் வித்தியாசம். ஒரு மணி நேரம் எஃப் 1 மட்டும்தான், சிவப்பு விண்டோவை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

2.47-க்கு ஒருவர் கூப்பிட்டார். நேரம் முடிந்தது, ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டராகப் போட்டால் வியாழக்கிழமை காலைதான் எக்சேஞ்சுக்குப் போகும் என்றேன்.

"அப்ப அது முகூர்த்தத்துல சேராதுங்களா?"

"சேராதுங்க."

"அப்ப வேண்டாம் அம்மிணி, எறங்குனா வாங்கிக்கலாம்."