ஒரு கூத்து ஜமாவை அறிந்துகொள்ளும் முயற்சி: மாசி முதல் ஆடி வரை

வந்தவாசிப் பக்கத்துத் துரோபதை அம்மன் கோயில்களில் சிறு வயது முதலே கூத்துப் பார்த்து வருகிறேன். துச்சாதனனாகவும் கர்ணனாகவும் வந்து ஆடியவர்களை அந்த வேஷங்களின் பெயரால்தான் எனக்குத் தெரியும். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், பகலில் என்ன செய்கிறார்கள், அவர்களை ஒப்பனையோடு களத்துக்கு அனுப்பிவைப்பவர்கள் யார் என்பதை ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் குறை மனத்தை உறுத்தியதால், கடந்த மாசியில் ஒரே ஒரு ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, தேர்ந்துகொண்டு, ஆடி முடியும் வரை அவர்கள் ஆடும் ஊர்களுக்கெல்லாம் இயன்றவரை போய், அதில் உள்ள ஒவ்வொருவரையும் அறிந்து குறிப்பேட்டில் எழுதிவைப்பது என்று தொடங்கினேன்.

முதலில் செய்தது பிழையான வேலை. பெயர், பொறுப்பு, எத்தனை ஆண்டு அனுபவம் என்று கட்டம் போட்டு, ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் நீட்டினேன். பதினான்கு பேர் இருந்தார்கள். மூன்றாவது இரவிலேயே அந்தக் கட்டங்கள் பயனற்றுப் போயின. முந்தின இரவு அர்ச்சுனனாக ஆடியவர் அன்று திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பாட்டுக்காரர் என்று நான் எழுதியிருந்த இளைஞர் விடியற்காலையில் திரௌபதியாக வந்தார். ஆர்மோனியக்காரரே வண்டி பேசுவதும் கணக்குப் பார்ப்பதும் என்று தெரியவந்தது. "தம்பி, இங்க ஆளுக்கொரு வேலைன்னு கிடையாது, ராத்திரிக்கு ஒரு வேலைன்னு எழுதிக்குங்க" என்று வாத்தியார் சொன்னதன் பிறகே, ஆட்களை வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, ஓர் இரவை மணிவாரியாகப் பின்தொடர்ந்து எழுதலானேன்.

இந்த முறை நல்ல பலன் தந்தது. கூத்து எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கே விடை மாறிவிட்டது. இரவு பத்து மணிக்குமேல் களரி கட்டி மேளம் முழங்கும்போது தொடங்குவதாகத்தான் அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் பல நாள்களுக்கு முன்பு, ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துத் தாம்பூலம் கொடுக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. என்ன கூத்து என்பதும் பெரும்பாலும் அப்போதே பேசி முடிவாகிறது. மாலையில் ஊர் வந்து சேர்ந்ததும் மிருதங்கக்காரர் சுவரோரமாக உட்கார்ந்து, மிருதங்கத்தின் தொப்பி என்னும் இடப் பக்கத்துக்கு ரவையைப் பிசைந்து அப்புவார். ஒரு விரலால் தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடியும் தட்டுவார். முகவீணை என்ற சிறு ஊதுகுழலை வாசிப்பவரிடம் ஒரு சிறு தகர டப்பாவில், குழலின் வாயில் செருகி ஊதும் சீவாளிகள் இருந்தன. இரவெல்லாம் பாட்டுக்குப் பாட்டு ஊதவேண்டியிருப்பதால், ஒன்று ஒத்துழைக்காவிட்டால் அடுத்ததை மாற்ற அவருக்குக் கிடைப்பது, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசும் இடைவெளி மட்டுமே. இந்தக் கூத்தின் குரலுக்குக் கூர்மை தருவது அந்தச் சிறு குழல்தான் என்பது என் கருத்து. அதை வாசிக்கக் கற்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டபோது உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ஒப்பனையை ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்கிறார்கள். தேங்காயெண்ணெயில் குழைத்த வண்ணத்தைக் கைக்கண்ணாடி பார்த்துப் பூசி, ஈர்க்குச்சி முனையால் வெள்ளைப் புள்ளிகள் வைக்கிறார்கள். ஆனால் கட்டை வேஷக்காரர் தாமே செய்துகொள்ள முடியாத ஒன்று உண்டு. கிரீடம், புஜக்கட்டை, மார்பு அணி எல்லாம் மரத்தால் ஆனவை. அவற்றின் கயிறுகளை முதுகுப் பக்கம் இழுத்து முடிபோட இன்னொருவர் கை வேண்டும். இந்த அணிகளை முன்னிட்டே கட்டைக்கூத்து என்ற பெயர் வழங்குகிறது. 1990-இல் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நிலைபெற்ற சங்கத்தைத் தொடங்கியபோது அதற்குக் கட்டைக்கூத்துச் சங்கம் என்றே பெயரிட்டார்கள். 2002 முதல் அங்கே நடந்த குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடினார்கள் என்பதை நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். செய்யாறு பக்கத்துப் புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையும், அவரிடம் பயிற்சி பெற்ற சென்னைக் கூத்துப்பட்டறை நாடகக் குழு நடிகர்களும் ஓரளவு எழுத்தில் பதிவாகியிருக்கிறார்கள். சிறு ஜமாக்களில் முடிபோடுகிறவர்களைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

நான் பின்தொடர்ந்த ஜமாவில் அந்த வேலை எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவருடையது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் துரியோதனன் கட்டியவர். முழங்கால் ஒத்துழைக்காததால் ஆடுவதை நிறுத்திவிட்டார். புஜக்கட்டை செதுக்குவதும் அவரே. சித்திரையில் அவரிடம் கேட்டுக்கொண்டு நானும் ஒன்றைச் செதுக்கிப் பார்த்தேன். கல்யாண முருங்கை எடை குறைந்த மரம். அதை நன்றாகக் காயவிட வேண்டும் என்று அவர் சொல்லியும் நான் அவசரப்பட்டதால், வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவதற்கு முன்பே ஓரத்தில் வெடிப்பு விட்டது. இரண்டாவதை வைகாசி முழுவதும் நிழலில் காயவைத்துச் செய்தேன். அது வெடிக்கவில்லை. பெரியவர் அதைக் கையில் ஏந்தி, தோளில் வைத்துப் பார்த்து, "கனம் ஜாஸ்தி. விடியற மட்டும் ஆடறவன் தோளை நினைச்சுச் செதுக்கணும்" என்றார். உட்புறத்தை இன்னும் குடைந்துவருகிறேன்.

ஆடியில் சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும் வரும் பகடை துகில் கூத்து நடந்த இரவு, துச்சாதனனுக்கு முதுகுக் கயிறு கட்டும்போது பெரியவர் என்னை அழைத்தார். கயிற்றை எந்த அளவுக்கு இழுக்க வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் சொல்லித் தந்தார்: ஆடுகிறவர் மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தும்போது கயிற்றுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடமிருந்தால் கிறுக்கி அடிக்கும்போது, அதாவது வேகமாகச் சுழலும்போது, கட்டை ஆடிவிடும், விரலே நுழையாவிட்டால் பாட முடியாது. நான் கட்டினேன். அவர் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொண்டார். துச்சாதனன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரை விலகியதும் களத்தைச் சுற்றி வந்தார். அன்று அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பின்பாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். துகிலுரியும் கட்டத்தில் திரௌபதிக்குக் கற்பூரம் ஏற்றி வணங்கும் வரை கயிற்றில் நான் போட்ட முடிச்சு அசையவில்லை. விடிந்தபின் வியர்வையில் இறுகிப்போயிருந்த அந்த முடிச்சை அவிழ்க்கப் பெரியவருக்கு நெடுநேரம் பிடித்தது. குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில், முதுகுக் கயிறு என்ற வரிக்கு எதிரே, அவர் சொல்ல என் பெயரை எழுதிக்கொண்டேன்.