உப்புத்தாள் வாங்கி வரச் சொன்னேன்

இலங்கை மலையகத்து ஹட்டனில் முன்பள்ளி டீச்சர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி முடித்து பஸ் ஏறியபோது என் மண்டைக்குள் நான்கு மூலைகள் இருந்தன. எழுத்து மூலை, கதை மூலை, படம் பிரிக்கும் மூலை, மாப்பிசையும் மூலை. பிள்ளைகள் நாலைந்து பேராக ஒரு மூலையில் கால்மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த மூலைக்கு மாறவேண்டும். கரும்பலகையைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து கத்துவதை நிறுத்தவேண்டும். தொட்டு, பிசைந்து, கிள்ளி, ஒட்டி, கையாலேயே எழுத்தைப் பழகவேண்டும். கேட்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாடும் நன்றாக இருந்தது.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிக்கும் மூலை நான்குதான். ஒன்றில் கூரை ஒழுகும், அங்கே வாளி. இன்னொன்றில் ஆயாம்மாவின் அடுப்பு. மூன்றாவதில் திறக்காத அலுமாரி; அதன் சாவி முந்தைய டீச்சரோடு கலியாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கிற மூலையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

சரி, எழுந்து நின்றுகொண்டே படிப்பிப்போம் என்று முடிவு செய்து, முதலில் எழுத்து மூலையை ஆரம்பித்தேன். பயிற்சி கொடுத்த சேர், சிறுபிள்ளைகள் கையால் தொட்டுப் பழகிப் படிக்கிற முறையை உண்டாக்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார். வழவழப்பான பலகையில் சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை ஒட்டவேண்டும். சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதுகிற திசையிலேயே அதன்மேல் ஓட்டி, கூடவே ஓசையையும் சொல்லவேண்டும். பென்சில் பிடிக்கத் தெரியாத வயதிலேயே எழுத்தின் வளைவு விரலுக்குப் பழகிவிடும். 1944இல் அந்த அம்மையார் இலங்கைக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுப் போயிருக்கிறார். நம் தோட்டத்துக்கு வந்து சேர எண்பது வருஷம் ஆகியிருக்கிறது, பரவாயில்லை, பாதை அப்படி.

ஆயாம்மா சனிக்கிழமை டவுனுக்குப் போவதாகச் சொன்னார். "ஆயாம்மா, உப்புத்தாள் அஞ்சு வாங்கிட்டு வாங்க" என்று காசு கொடுத்தேன்.

இது நடந்தது 2025 மே மாதம். இலங்கையில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் ஞாபகம் இருக்கும். மழையில் உப்பளங்களின் விளைச்சல் கெட்டு, நாடு முழுக்க உப்புக்குத் தட்டுப்பாடு. நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவு, இந்தியாவிலிருந்து உப்பு வரும் என்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஆயாம்மா வெற்றி வீராங்கனை மாதிரி வந்தார். பையிலிருந்து ஐந்து பாக்கெட் உப்பை எடுத்து வைத்தார். பக்கத்திலே கறுப்புக் கலர் தாள், அதுவும் ஐந்து.

"டவுன் பூரா உப்பே இல்ல டீச்சர். கடைக்கு ரெண்டு பாக்கெட்டுக்கு மேல தரமாட்டேங்கிறான். மூணு கடை ஏறி எறங்கினேன். மூணாவது கடையில ஒண்ணுதான் கெடைச்சுச்சு, அதுக்கும் சண்டை. தாளு என்ன கலருன்னு நீங்க சொல்லல. நானா பாத்து வாங்கினேன்."

உப்பு. தாள். நான் எதுவும் பேசவில்லை. நான் கொடுத்த காசு எப்படிப் போதும், மிச்சத்தை அவர் தன் பையிலிருந்து போட்டிருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷியிடம் போய் நான் கேட்டது தச்சு வேலைக்காரர் மரம் தேய்க்கிற தாள் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் பாருங்கள், பயிற்சியில் உப்புத் தட்டு என்றும் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தட்டில் கறுப்புத் தாளை விரித்து அதன்மேல் உப்பை மெல்லியதாகப் பரப்பினால், விரலால் எழுதும்போது வெள்ளைக்கு நடுவில் எழுத்து கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். பிழைத்தால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், அழிந்துவிடும். உப்பும் வேண்டும், தாளும் வேண்டும். ஆயாம்மா பயிற்சிக்கு வராமலே எனக்கு முன்னால் இரண்டாம் பாடத்துக்குப் போய்விட்டார். பிஸ்கட் டின் மூடி ஐந்தைத் தேடிப்பிடித்து மூலையைத் திறந்துவிட்டேன்.

பேரனைக் கொண்டுவந்து விட்ட ஒரு தாத்தா வாசலில் நின்று எட்டிப்பார்த்தார். "விஜயதசமிக்கு அரிசியில எழுதுறதுதானே இது? இதுக்கா ரெண்டு நாளு ஹட்டனுக்குப் போனீங்க?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, ஆனால் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்களே.

முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் முதலெழுத்தை எழுதுவது. பிள்ளைக்கு முதலில் பிடித்துப்போகிற எழுத்து அதுதான், அங்கிருந்து ஆரம்பியுங்கள் என்று சேர் சொல்லியிருந்தார். நல்ல யோசனை. சுவரில் அ முதல் ஔ வரை அட்டை தொங்குகிறது, பிரச்சினையே இல்லை என்று பிள்ளைகளின் பெயர் எழுதிய இடாப்பை எடுத்தேன்.

இந்தக் காலத்துப் பெற்றோர் பெயர் வைக்கிற அழகு இடாப்பை வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைகளின் பெயரை இங்கே எழுதக்கூடாது, முதலெழுத்தை மட்டும் சொல்கிறேன். டி. ல. ஹ. ஷ. ர. ஜெ. இன்னொரு டி. இன்னொரு ஷ. டு. மொத்தம் பதினேழு பேர். பன்னிரண்டு உயிரெழுத்துக்குப் பொறுப்பாக என் வகுப்பில் இருந்தது ஒரே ஒரு ஆ. அசல் தமிழ்ப் பெயர் என்று பார்த்தால் தாத்தா பெயரை வைத்த ஒரு மு. அவனுக்கு அதில் பெரிய மனக்குறை, தனக்கும் ஒரு ஷ வேண்டுமாம்.

தமிழ் எழுத்து 247 என்று நானும் மனப்பாடமாகப் படித்தவள்தான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். ட, ர, ல எல்லாம் சொல்லுக்கு முதலில் வராது என்கிறது நன்னூல். அந்த இலக்கணத்தை எழுதிய பவணந்தி முனிவர் எங்கள் முன்பள்ளிக்கு வந்தால் வகுப்பில் பெரும்பகுதியை வாசலில் நிறுத்தியிருப்பார். டீச்சரையும் சேர்த்துத்தான்.

இதைக் கண்டுபிடித்தவன் டி. தன் எழுத்தை உப்பில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்களும் என் எழுத்துதான்" என்றான். நான்கரை வயது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்த நொடி அந்த விரலை அப்படியே வாயில் வைத்து நக்கினான்.

எழுதுவது, நக்குவது, எழுதுவது, நக்குவது. பதினேழு பேரும் இதே முறைதான். சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்க்கச் சொன்னது நக்குவதற்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. ஹ-வுக்கு மட்டும் நேரம் இல்லை. அவள் எழுத்தின் வளைவு முடிவதற்குள் பக்கத்திலிருந்த ல நாலு தடவை எழுதி நாலு தடவை நக்கிவிட்டாள். "என் எழுத்து ஏன் டீச்சர் இவ்வளவு நீளம்?" என்று அழுதாள். அதை உங்கள் அப்பாவிடம் கேள் அம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது.

பத்து மணிக்கு மூட்டம் இறங்கியது. எங்கள் பக்கம் மூட்டம் வாசலில் நின்று அனுமதி கேட்காது, நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பு ஈரத்தைக் குடிக்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். ஆட்டினால் அழியவேண்டிய எழுத்து அழியவில்லை. தட்டைக் கவிழ்த்தாலும் உப்பு விழவில்லை. ஆயாம்மா, "அடுப்புப் பக்கம் வைங்க, காஞ்சிரும்" என்றார். காய்ந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் ஹ என்ற எழுத்து கல்வெட்டு மாதிரி கெட்டியாகப் பதிந்து கிடக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஒரு மன்னன் வந்து பொறித்துவிட்டுப் போனது போல. ஆயாம்மா அம்மிக் குழவியால் அதைத் தட்டித் தூளாக்க, ஹ அதைப் பார்த்து இரண்டாம் முறை அழுதாள்.

மாப்பிசையும் மூலைக்கு வருவோம். பயிற்சியில் கொடுத்த அளவு இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர். அவ்வளவு உப்பு எதற்கென்றால், மா பல நாள் கெடாமல் இருக்கும், முக்கியமாகப் பிள்ளைகள் தின்னமாட்டார்கள். ஆயாம்மா அளவைக் கேட்டதும் உப்பு டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "ஒரு கப்பா? ஊரே உப்புக்கு அலையுது டீச்சர், சாமி கண்ணைக் குத்தும்." தொட்டுக்கொள்கிற அளவு ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்தார். ஆக, அது விளையாட்டு மா இல்லை, சுத்தமான ரொட்டி மா.

பிள்ளைகள் உருட்டி உருட்டி எழுத்து செய்தார்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது. கரும்பலகையில் மூன்று மாதமாக வராத சுழி, கையில் கயிறு மாதிரி மாவைத் திரித்ததும் இரண்டு நிமிஷத்தில் வந்தது. ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி என்று நான் சொல்லாமலே மு எண்ணிப் பார்த்துச் செய்தான். நான் பெருமையோடு திரும்பி ஆயாம்மாவைக் கூப்பிடுவதற்குள் ஷ தன் எழுத்தில் பாதியைப் பச்சையாகத் தின்றுவிட்டாள். வயிற்றுவலி வந்தால் யார் பதில் சொல்வது? எல்லா எழுத்தையும் பிடுங்கி ரொட்டிக்கல்லில் போடச் சொன்னேன்.

சுட்டு வந்ததும் இன்னொரு கலவரம். அவரவர் எழுத்து அவரவருக்கே வேண்டும். இரண்டு டி-யில் எந்த டி யாருடைய டி என்று பஞ்சாயத்து. ஆ தன் ரொட்டியை வாங்கியதும் கீழே இருந்த வளைவை ஆசையோடு கடித்தாள். கடித்துவிட்டுக் கையில் மிச்சம் இருப்பதைப் பார்த்தாள், முகம் மாறியது. "டீச்சர்ர்ர், இது அ ஆயிருச்சு!"

அவள் அழுதுகொண்டு நிற்கிறாள், எனக்கோ துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருக்கிறது. ஆ-வின் வால் போனால் அ என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குள் விஷயம் பரவிவிட்டது. டி மேலே இருந்த கொக்கியைக் கடித்து "நான் ட!" என்று அறிவித்தான். மு கடித்து ம ஆனான். ஜெ முன்னால் இருந்த கொம்பை முடித்து வெறும் ஜ ஆனாள். ஹ எங்கே கடித்தாலும் அது எதுவாகவும் மாறவில்லை. மூன்றாம் முறை அழுதாள்.

படம் பிரிக்கும் மூலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. எழுத்து ஒட்டிய டப்பாக்களில் அந்த எழுத்தில் தொடங்குகிற படத்தைப் போடவேண்டும். இ-வுக்கு இலை வேண்டுமென்று அவசரத்துக்கு வெளியே போய்த் தேயிலையிலேயே கிள்ளிவந்து அட்டையில் ஒட்டியிருந்தேன். ர அதை எடுத்து இ டப்பாவைத் தாண்டிப்போய் கொ டப்பாவில் போட்டாள்.

"இது இலை இல்லையா?"

"இல்ல டீச்சர். ரெண்டு எலையும் ஒரு மொட்டும் இருக்கே, கொழுந்து. முத்துனாத்தான் எலை. எலையை எடுத்தா கங்காணி ஏசுவாரு."

அட்டையை மாற்றி எழுதினேன். அதே மூலையில் ஔ டப்பாவுக்கு ஔவையார் படம். தலை நரைத்து, கோலூன்றி, கொஞ்சம் கூனி நிற்பார் இல்லையா, மூன்று பிள்ளைகள் அதை அப்பாயி என்று சொல்லி அ டப்பாவில் போட்டார்கள். நான் எடுக்கவில்லை.

இப்படியே வெள்ளிக்கிழமை வரை போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக் கடையில் உப்பு வந்திருப்பதாக யாரோ சொல்ல, பெரிய வரிசை. வரிசை பாதி போவதற்குள் உப்பு முடிந்துவிட்டது. எல்லாரும் கடைக்காரரை ஏசிக்கொண்டு நிற்கும்போது, அம்மாவின் கையைப் பிடித்திருந்த என் ல சத்தமாகச் சொல்லியிருக்கிறாள்:

"எங்க டீச்சர்கிட்ட நெறைய இருக்கு. நாங்க அதுல வெளையாடுறோம்."

ஆறு மணிக்கு என் காம்பரா வாசலில் சம்பல் கிண்ணம், மீன் டின், மூடி இல்லாத மார்மைட் போத்தல் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான மேட்டு லயத்திலும் பணிய லயத்திலும் இருந்து பதினோரு பேர். யாரும் கோபமாக இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். "புள்ளைங்க வெளையாடுற உப்பாமே டீச்சர், ஒரு கையளவு" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்கள்.

நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பதினேழு பிள்ளைகள் நான்கு நாளாக விரலை நக்கி நக்கி எழுதிய உப்பு, அம்மியில் உடைத்தது, வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மு-வின் அப்பாயி டின்னை முன்னே நீட்டினார்.

"கொதிக்கிற கொழம்புல என்ன இருக்கப்போவுது. போடுங்க டீச்சர்."

ஆயாம்மா அகப்பையால் அளந்து போட்டார். மூன்று கடை ஏறி இறங்கிய மனுஷி, முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கடைசியில் வந்த ஹ-வின் அப்பாவுக்கு, டின்னின் அடியில் உடையாமல் கிடந்த ஒரு கட்டியைத்தான் கொடுக்க முடிந்தது.

இப்போது என் முன்னால் பயிற்சிக்காரர்கள் அனுப்பிய படிவம் இருக்கிறது. பயன்படுத்திய பொருள்: உப்பு, 2 கிலோ. நிரப்பிவிட்டேன். அடுத்த கட்டம், எஞ்சிய பொருள் வைக்கப்பட்டுள்ள இடம். வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன்: மேட்டு லயம், பணிய லயம்.